கான்கிரீட் வாகனத் தளத்தில் நிறமாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வாசலில் கார் ஏறி இறங்குவதற்காகப் போடப்படும் கான்கிரீட் தளத்தைப் பற்றி என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் போய் முடிகின்றன: “நிறம் கெட்டுவிட்டது, எதை ஊற்றினால் போகும்?” எதனால் கெட்டது என்று தெரியாமல் எதை ஊற்றினாலும் நிலைமை மோசமாவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

ஒரே சிமென்ட், ஒரே நாளில் போட்டது. அப்படியிருக்க, தளத்தில் ஓரிடம் வெளுத்தும் இன்னோரிடம் கறுத்தும் இருப்பது ஏன்?

சிமென்டின் சாம்பல் நிறம் அதிலுள்ள இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளால் வருவது. நம் கண்ணுக்குத் தெரிவது தளத்தின் முழு உடம்பும் அல்ல. ஜல்லிக்கு மேலே படிந்திருக்கும் மெல்லிய சிமென்ட் பசைதான். அந்தப் பசையில் தண்ணீர் கூடினால் நிறம் வெளிறும், குறைந்தால் கருக்கும். தேய்க்கும்போது மேற்பரப்பு இறுகிவிட்டதென்று ஓரிடத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்தாலே போதும், அந்த இடம் காய்ந்த பிறகு வெளிறிய திட்டாகத் தனித்துத் தெரியும். மாறாக, கலவை இறுகிய பிறகும் இரும்புக் கரண்டியால் விடாமல் தேய்த்த இடங்கள் கறுத்து மினுமினுக்கும்.

இவற்றுடன் தரைக்கு அடியிலுள்ள ஈரம், இரண்டு வண்டிகளில் வந்த கலவைகளுக்கு இடையிலான வேறுபாடு, விரைவில் இறுகுவதற்காகச் சேர்க்கும் கால்சியம் குளோரைடு, சீராக நடக்காத நீராற்றல் (கான்கிரீட் இறுகும் வரை அதை ஈரமாகவே வைத்திருப்பது) ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒரு தளம் ஒரே நிறத்தில் அமைந்துவிட்டால் அதுதான் ஆச்சரியம் என்பேன்.

போட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் திட்டுத் திட்டாக இருக்கிறதே, உடனே ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டாம். புதுத் தளம் உள்ளிருந்து மெதுவாகத்தான் உலரும். நிழல் விழும் பகுதியும் கனம் கூடிய பகுதியும் கடைசியில் உலரும். ஈரமான கான்கிரீட் கறுப்பாகத் தெரியும் என்பதால், இன்று நிறமாற்றம் என்று தோன்றுவதில் ஒரு பகுதி வெறும் ஈரம்தான். குறைந்தது 28 நாள் பொறுத்த பிறகு பார்த்தால், நிரந்தரமாக நிற்கப் போவது எது என்பது தெரிந்துவிடும். அதுவரை வெறும் தண்ணீரால் கழுவிக் காயவிடுவதில் தவறில்லை. ஆசிட்டும் உயர் அழுத்த நீரும் வேண்டாம்.

இரும்பு உருக்கும் உலையின் கசடு சேர்த்த சிமென்டில் போட்ட தளம் முதலில் நீலப் பச்சையாகத் தெரிவதைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. கசடில் உள்ள சல்பைடுகளால் வரும் அந்நிறம் காற்றுப் படப் படத் தானே மறையும். விரிப்பால் மூடியே வைத்திருந்தாலோ, அவசரப்பட்டுக் காப்புப் பூச்சு அடித்தாலோதான் அது தங்கிவிடும்.

இது மேலே படிந்த கறையா, கான்கிரீட்டின் நிறமே அப்படியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல வெயிலில், தளம் முழுவதும் காய்ந்திருக்கும்போது, சந்தேகமான இடத்தின் மீது ஒரு தேக்கரண்டி தண்ணீரை விட்டுக் குனிந்து பாருங்கள். துளி முத்தாகத் திரண்டு நின்றால் அங்கே எண்ணெயோ காப்புப் பூச்சோ இருக்கிறது. தளம் முழுவதும் அப்படியே நின்றால் காப்புப் பூச்சு. அந்த ஓரிடத்தில் மட்டும் நின்றால் எண்ணெய். தண்ணீர் உடனே உள்ளிழுக்கப்பட்டு, வெண்மை மறைந்து, காய்ந்ததும் அதே இடத்தில் வெண்மை திரும்பினால் அது உப்பு. விரலால் தேய்க்கும்போது மாவாக ஒட்டுவதும் அதற்கு அடையாளம்.

கறுப்போ பச்சையோ ஆன இடத்தில் துணி வெளுக்கும் திரவப் பிளீச்சை ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். சொட்டு விழுந்த வட்டம் மட்டும் வெளுத்தால் அது பாசி, பூஞ்சை அல்லது இலைச்சாறு. அசையாமல் இருந்தால் வேறு ஏதோ. ஆரஞ்சும் பழுப்பும் கலந்து, நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் மங்கியும் இருப்பது பெரும்பாலும் துரு. இவை எதற்கும் அடங்காமல், கழுவினாலும் சுரண்டினாலும் மாறாமல், தொட்டால் சுற்றுப்புறத்தைப் போலவே இருக்கும் திட்டுத்தான் கான்கிரீட்டின் சொந்த நிறமாற்றம்.

“வினிகர் விட்டு நுரைத்தால் உப்பு” என்று சொல்லும் சோதனையை நம்பாதீர்கள். கறையே இல்லாத கான்கிரீட்டும் வினிகர் பட்டால் நுரைக்கும்.

வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சிமென்ட் கரைந்து வெளியே வருகிறதா?

சிமென்ட் நீரோடு வினைபுரியும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு, உள்ளே ஊடுருவும் நீரில் கரைந்து மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சோடியம், பொட்டாசியம் உப்புகளும் இதே வழியில் வரும். அளவு மிகக் குறைவு என்பதால் தளத்தின் வலிமைக்குக் கேடில்லை.

புதிதாகப் பூத்ததைக் காய்ந்த நிலையிலேயே கடினமான பிளாஸ்டிக் தூரிகையால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிடுங்கள். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போகும். எல்லோரும் செய்யும் தவறு இதுதான். நாள்பட்டுக் கெட்டியானதற்கு மென்மையான அமிலம் தேவைப்படும். வீட்டு வினிகரை (சுமார் 5 சதவீத அசிட்டிக் அமிலம்) ஒரு மூலையில் பரீட்சித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். தளத்தை முன்கூட்டியே நனைத்துக்கொண்டால் அமிலம் ஆழமாக இறங்காது. தேய்த்து முடித்ததும் நிறைய நீர் விட்டுக் கழுவி, அந்த நீர் தேங்காமல் தள்ளிவிட வேண்டும்.

சுத்தம் செய்த பிறகும் ஒவ்வொரு மழைக்கும் வெள்ளை திரும்பி வருகிறது. நான் என்ன தவறு செய்கிறேன்?

சுத்தம் செய்வதில் தவறில்லை. தண்ணீர் வரும் வழி அடைபடாமல் இருப்பதுதான் காரணம். உப்பைத் தூக்கிக்கொண்டு வருவது நீர் என்பதால், அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: தளத்தின் ஓரத்தில் மண் உயர்ந்து நீர் தேங்குகிறதா, கூரை நீர் தளத்தின் மேல் விழுகிறதா, செடிகளுக்கு விடும் நீர் அடியில் இறங்குகிறதா? ஓர் அடிக்கு ஓர் அடி அளவுள்ள பாலித்தீன் தாளைத் தளத்தில் வைத்து, நான்கு ஓரமும் ஒட்டி, ஒரு பகலும் இரவும் கழித்துப் பிரியுங்கள். அடிப்பக்கம் வியர்த்திருந்தாலோ, தாள் இருந்த இடம் கறுத்திருந்தாலோ, ஈரம் கீழிருந்து வருகிறது. வடிகால் சரியாகாத வரை எந்தத் திரவமும் இதைத் தீர்க்காது. அப்படிப்பட்ட தளத்தின் மேல் படலமாகும் பூச்சை அடித்தால் உப்பு அடியில் சிக்கிப் பூச்சையே உரித்துவிடும்.

பாசியால் கறுத்துப்போனதற்கு ஆசிட் போடலாமா?

தேவையில்லை. திரவப் பிளீச் ஒரு பங்குக்கு நீர் நான்கைந்து பங்கு கலந்து, மேகமூட்டமான வேளையில் தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் காயாமல் வைத்திருந்து, தேய்த்துக் கழுவினால் போதும். பக்கத்துச் செடிகளை முன்னும் பின்னும் நல்ல நீரால் நனைத்துவிடுங்கள். உதிர்ந்த இலைகள் ஊறி விட்டுச்சென்ற பழுப்பு அச்சுகளுக்கும் இதே முறைதான். நிழலும் ஈரமும் மாறாத வரை பாசி மீண்டும் வரும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

கார் எண்ணெய் சிந்திய கறை சோப்புக்கும் போகவில்லை. உள்ளே இறங்கிவிட்டதா?

இறங்கிவிட்டது. கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. மேலே தேய்ப்பதால் அவற்றின் வாய் மட்டும்தான் சுத்தமாகும். அன்றே சிந்தியதாக இருந்தால் தேய்க்காமல், மரத்தூளையோ காய்ந்த சிமென்டையோ கொட்டி உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். பழையதாக இருந்தால் வெளியே இழுத்தெடுக்கும் பற்று வேண்டும். சுண்ணாம்புத்தூள், முகப்பவுடர் தூள் போன்ற உறிஞ்சும் பொடியை எண்ணெய் கரைக்கும் சோப்புத் திரவத்தில் கூழாகக் குழைத்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் கனமாகப் பூசி, பாலித்தீனால் மூடி ஒரு நாள் வையுங்கள். பிறகு மூடியை எடுத்துப் பற்று தானே காய்ந்து வெடிக்கும் வரை விட்டுச் சுரண்டி எடுங்கள். காயும்போதுதான் எண்ணெய் பொடிக்குள் ஏறுகிறது என்பதால் அவசரம் ஆகாது. இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். கடைசியில் ஒரு மங்கல் நிழல் நின்றுபோவதும் உண்டு. அமிலம் எண்ணெயைத் தொடாது. சுற்றியுள்ள கான்கிரீட்டைத்தான் அரிக்கும்.

துருக் கறைக்கு ஆசிட் ஊற்றினேன். முதலில் போன மாதிரி இருந்தது, இப்போது பெரிய மஞ்சள் வட்டமாகிவிட்டது. ஏன்?

நீங்கள் ஊற்றியது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டாக இருந்திருக்கும். அது இரும்பைக் கரைக்கும். ஆனால் கரைந்த இரும்பு அங்கேயே பரவி, காற்றுப் பட்டதும் மீண்டும் துருவாகிறது. இரும்போடு பிணைந்து அதைக் கழுவி வெளியேற்ற உதவும் அமிலமே இதற்கு ஏற்றது. இலேசான கறைக்கு சிட்ரிக் அமிலமும், அழுத்தமானதற்கு லிட்டருக்குச் சுமார் 100 கிராம் கலந்த ஆக்ஸாலிக் அமிலமும் பயன்படும். இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஆக்ஸாலிக் அமிலம் விஷம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம், குழந்தைகளும் பிராணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

துரு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாற்காலிக் கால் அச்சு, இரும்புச் சத்துள்ள உரத் துகள், இரும்பு கலந்த கிணற்று நீர் தெறித்த விசிறி வடிவம் ஆகியவை வெளியிலிருந்து வந்தவை. வட்டத்தின் மையத்தில் சிறு கல் ஒன்று தெரிந்தால் அந்தக் கல்லிலேயே இரும்புக் கனிமம் இருக்கிறது. அதைக் குடைந்தெடுத்து அடைக்கும் வரை கறை திரும்பும். நேர்கோட்டில் துருவும் கூடவே விரிசலும் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. இந்தப் பக்கத்தில் வரும் நிறமாற்றங்களில் அழகுக் குறையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாதது இது ஒன்றுதான்.

பாலித்தீன் விரிப்பு போட்டு நீராற்றினோம். விரிப்பின் சுருக்கங்கள் படம் போலத் தளத்தில் பதிந்துவிட்டன. இதை எடுக்க முடியுமா?

விரிப்பு கான்கிரீட்டோடு ஒட்டியிருந்த இடமும், சுருங்கி எழும்பி அடியில் காற்று நின்ற இடமும் வெவ்வேறு விதமாக நீராற்றப்பட்டதன் பதிவு அது. கால்சியம் குளோரைடு சேர்த்த கலவையில் இது இன்னும் கடுமையாக வரும். சிமென்டின் இரும்புச் சேர்மமான ஃபெரைட் நீரோடு வினைபுரிவதை அந்த உப்பு தாமதப்படுத்துவதால், கருந்திட்டுகள் தேமல் போல நின்றுவிடுகின்றன. இவை மேலே ஒட்டிய கறைகள் அல்ல என்பதால், இதுவரை சொன்ன எந்த முறையும் இவற்றுக்கு உதவாது.

முதலில் செய்ய வேண்டியது மிக எளிது: சூடான நீரை ஊற்றி, கடினத் தூரிகையால் தேய்த்து, முழுவதும் காயவிட்டு, மீண்டும் அதையே செய்வது. நனைத்தலும் உலர்த்தலும் நான்கைந்து முறை நடந்தாலே பல திட்டுகள் மங்கிவிடும். 28 நாள் கடந்ததும் காலம் தாழ்த்தாமல் தொடங்குங்கள். ஆண்டுக்கணக்கில் விட்டால் பலன் குறையும்.

அதற்கும் அசையாவிட்டால் டை அம்மோனியம் சிட்ரேட் என்ற உப்பின் 20 முதல் 30 சதவீதக் கரைசலைப் பயன்படுத்தலாம்; ஒரு லிட்டர் நீரில் 250 கிராம் கரைத்தால் 20 சதவீதம் வரும். காய்ந்த தளத்தில் கருந்திட்டின் மீது அதைப் பரப்பி ஏறத்தாழ 15 நிமிடம் விடுங்கள். சற்று நேரத்தில் கஞ்சி ஆறியது போல வெண்மையான கூழ் திரளும். அதைக் காயவிடாமல், நீர் தெளித்துக் கொண்டே தூரிகையால் கலைத்து, ஒரு துளி மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். கூழ் காய்ந்துபோனால் பழைய திட்டின் இடத்தில் புது வெள்ளைத் திட்டு வந்துவிடும். முதலில் வாசலிலிருந்து தள்ளியுள்ள, ஒரு சாண் அளவுள்ள திட்டில் செய்து, இரண்டு நாள் உலரவிட்டுப் பார்த்த பிறகே மற்ற இடங்களுக்குப் போங்கள். இரண்டாம் முறை தேவைப்படலாம். பெரும்பாலான தளங்களில் திட்டு மங்குமே தவிர அடியோடு மறையாது.

எல்லாக் கறைக்கும் ஆசிட் ஒன்றே போதும் என்கிறார்களே?

அப்படிச் சொல்கிறவர்கள் செய்வது கறையை நீக்குவதல்ல, கறை பட்ட தோலை உரிப்பது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மேற்பரப்பின் சிமென்ட் பசையைத் தின்று மணலை வெளியே காட்டும். அந்த இடம் அதன் பிறகு சொரசொரப்பாகி, அழுக்கை முன்னைவிட வேகமாக உறிஞ்சும். வினிகருக்கு மசியாத கெட்டியான உப்புக்கு வேறு வழியில்லாமல் பயன்படுத்தினால், ஒரு பங்கு ஆசிட்டுக்கு 20 பங்கு நீர் என்ற அளவில் தொடங்குங்கள். ஆசிட்டை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை ஆசிட்டில் அல்ல. தளத்தை நனைத்துவிட்டு, சிறு பகுதியாக, சில நிமிடங்களுக்கு மட்டும் விட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் முறித்துக் கழுவ வேண்டும். அதன் புகை அருகிலுள்ள இரும்புக் கதவையும் துருப்பிடிக்கச் செய்யும்.

பிளீச்சும் ஆசிட்டும் கலந்து அடித்தால் வேகமாகப் போகுமா?

கலக்கவே கூடாது. அப்போது வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும். அமோனியா கலந்த பொருள்களும் பிளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயுதான். மேலே சொன்ன டை அம்மோனியம் சிட்ரேட்டும் அந்த வகையில் சேரும். ஒன்றைப் பயன்படுத்திய தளத்தை நன்றாகக் கழுவி, நாள் கடந்து காய்ந்த பிறகுதான் அடுத்தது.

உயர் அழுத்த நீர் இயந்திரத்தால் கழுவினேன். இப்போது தளம் முழுவதும் வரிவரியாக இருக்கிறது. இது காய்ந்தால் போய்விடுமா?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். முனையைச் சீரான வேகத்தில் நகர்த்தாததால் சில வரிகளில் அழுக்கு தங்கியிருந்தால், மீண்டும் ஒரே சீராகக் கழுவினால் சரியாகும். முனையை மிக அருகே பிடித்ததாலோ ஊசி போலப் பீய்ச்சும் முனையைப் போட்டதாலோ சிமென்ட் பசை அரித்துப் போயிருந்தால், அது பள்ளம், காய்ந்தாலும் போகாது. விரல் நுனியால் வரியின் குறுக்கே தடவினால் எது என்று தெரிந்துவிடும். விசிறி போலப் பரந்து பீய்ச்சும் 25 டிகிரி முனையைப் போட்டு, ஓர் அடித் தூரத்தில் பிடித்து, ஒரு வரியின் மேல் அடுத்த வரி பாதி ஏறும்படி நகர்த்துவதே முறை.

காப்புப் பூச்சு அடித்த தளம் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. இதுவும் உப்புதானா?

தேய்த்தால் மாவு வராவிட்டால் உப்பு அல்ல. ஈரமான தளத்தின் மேல் அடித்ததாலோ கனமாக அடித்ததாலோ அக்ரிலிக் படலத்துக்குள் ஈரம் சிக்கி வெளுத்திருக்கிறது. கரைப்பான் கலந்த வகைப் பூச்சாக இருந்தால், அதே கரைப்பானை மெல்லியதாக உருளைத் தூரிகையால் ஓட்டும்போது படலம் இளகி, ஈரம் வெளியேறித் தெளிவாகும். அது எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். கார் சக்கரம் நின்ற இடத்தில் கறுப்பு அச்சு விழுவதும் பெரும்பாலும் பூச்சு உள்ள தளத்தில்தான். டயரிலுள்ள நெகிழ்வுப் பொருள் பூச்சுக்குள் இறங்குகிறது. சோப்பில் போகாவிட்டால் அந்த இடத்தின் பூச்சை எடுத்துவிட்டு மீண்டும் அடிப்பதே வழி. படலமாகாமல் உள்ளே ஊடுருவும் சிலேன், சிலாக்சேன் வகைகளில் இந்த இரண்டு தொல்லையும் வருவதில்லை என்பதால், வாகனத் தளத்துக்கு நான் அவற்றையே சொல்கிறேன்.

உடைந்த பகுதியை மாற்றினோம். புதிது தனியாகத் தெரிகிறது. பழையதோடு எப்படிச் சேர்ப்பது?

முழுவதுமாகச் சேராது. பழைய தளத்தில் பசை தேய்ந்து மணலின் நிறம் வெளிப்பட்டிருக்கும். புதியது வெறும் சிமென்ட் நிறத்தில் இருக்கும். வெயிலும் மழையும் பட்டுச் சில ஆண்டுகளில் வேறுபாடு குறையும். சிறிய ஒட்டு வேலையாக இருந்தால், சாம்பல் சிமென்டோடு வெள்ளை சிமென்டை வெவ்வேறு விகிதத்தில் கலந்து உள்ளங்கை அளவு வில்லைகள் நான்கைந்து செய்து, நன்றாகக் காயவிட்டுப் பழைய தளத்தின் மேல் வைத்து ஒப்பிடுங்கள். ஈரமாக இருக்கும்போது நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

எதுவுமே பலிக்கவில்லை. பெயின்ட் அடித்து மறைத்துவிடலாமா?

பெயின்ட்டை நான் பரிந்துரைப்பதில்லை; ஓடிச் சூடேறிய டயர் அதைப் பிய்த்துக்கொண்டு வரும், பிறகு நிறமாற்றத்தோடு உரிந்த தழும்பும் சேரும். கான்கிரீட்டுக்குள் ஊறும் நிறச்சாயம் அதைவிட மேல். ஆனால் சாயம் ஒளிபுகும் தன்மை கொண்டது என்பதால் அடியிலுள்ள திட்டு ஓரளவு தெரியும். இருக்கும் நிறத்தைவிட அடர்ந்த சாயமே பொருந்தும். முழு மறைப்பு வேண்டுமென்றால் சில மில்லிமீட்டர் கனத்தில் பாலிமர் கலந்த சிமென்ட் மேற்பூச்சுப் போடலாம். எண்ணெய் ஊறிய இடத்தில் அது பிடிக்காது. எனவே முன்பு சொன்ன தேக்கரண்டித் தண்ணீர் சோதனையை அதற்கு முன் தளம் முழுவதும் செய்து பாருங்கள்.

நிறம் சரியில்லாததற்கு ஒப்பந்தக்காரர்தானே பொறுப்பு? அடுத்த தளத்துக்காவது என்ன சொல்லி வைப்பது?

நிறம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று எழுத்தில் இல்லாவிட்டால், வலிமையும் கனமும் வாட்டமும் சரியாக இருக்கும் தளத்தை நிறத்துக்காக மட்டும் மறுப்பது கடினம். அடுத்த முறை வேலைக்கு முன்பே சிலவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: கால்சியம் குளோரைடு கூடாது, எல்லா வண்டிக்கும் ஒரே சிமென்ட், ஒரே நீர் அளவு, அடித்தரையை முந்தைய நாளே ஒரே சீராக நனைத்து, நீர் தேங்காமல் வைப்பது, தேய்க்கும்போது மேலே தண்ணீரோ சிமென்ட் தூளோ தெளிக்காதது, வழவழப்புக்குப் பதிலாகத் துடைப்பக் கோடு போட்டு முடிப்பது. நீராற்றுவதற்குப் பாலித்தீனைத் தவிர்த்து, ஏழு நாளும் நீர் தெளித்துக்கொண்டேயிருப்பதோ உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் தடுக்கும் நீராற்று திரவத்தைச் சீராகத் தெளிப்பதோ நல்லது. சாக்குப் போடுவதாக இருந்தால் பழைய, பலமுறை துவைத்த சாக்காக இருக்கட்டும். புதுச் சாக்கின் சாயம் தளத்தில் இறங்கிவிடும்.